என் மனசை நம்பி இருந்த கால்

பாத்தியில் ரத்தம் கிடந்தது. மாசி மாதம், அந்தப் பருவத்தின் முதல் உப்பு. வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்த பாத்தியில் வரப்பிலிருந்து நடு வரைக்கும் சிவப்பாகக் காலடி. கறை பட்ட உப்பை வியாபாரி கையால் தொட மாட்டான். எனக்கு வந்த கோபத்தில் வேலைக்கு வந்த பெண்களையெல்லாம் வரப்பில் நிற்க வைத்து, எவள் கால் கிழிந்திருக்கிறது, கிழிந்த காலோடு ஏன் இறங்கினீர்கள் என்று கத்தினேன். அப்போதுதான் என் வீட்டுக்காரி அஞ்சலை சோற்றுக் கூடையோடு வந்தாள். கூடையை இறக்காமலே சொன்னாள்.

"ஏங்க, அவுங்கள ஏன் வையறீங்க? உங்க கால குனிஞ்சி பாருங்க."

குனிந்து பார்த்தேன். வலது காலில் பெருவிரலுக்கு அடியில் உள்ளங்கால் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. உப்பின் முனை அறுத்திருக்கிறது. பிளவுக்குள் உப்பு போய் அடைத்திருந்தது. எனக்கு ஒரு துளி எரிச்சல்கூட இல்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இதுதான். உப்பளத்தில் புதிதாக இறங்குகிறவனுக்கு ஒரு கீறல் இருந்தாலும் உயிர் போகும். வருஷம் ஆக ஆகக் கால் காய்த்துப்போய் எரிச்சல் குறையும். எரியாத கால்தான் தேர்ந்த உப்புக்காரனுக்கு அடையாளம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். எனக்கு இரண்டு மூன்று வருஷமாகவே கால் எதற்கும் எரிவதில்லை. அதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். வெடிப்பு வந்தால் உப்பு விளைந்த பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரில் காலைக் கழுவுவேன். எங்களுக்கு அதுதான் மருந்து. இந்த முறையும் அதைத்தான் செய்தேன். ஒரு வாரத்தில் கால் கறுத்தது. நாற்றம் எனக்குத் தெரியவில்லை, அஞ்சலைக்குத் தெரிந்தது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அடுத்தவன் அளத்தில் தலையில் உப்புக் கூடை சுமந்து தொடங்கியவன். இன்றைக்கு என் பெயரில் குத்தகை இருக்கிறது, லாரி இருக்கிறது, மாடி வீடு இருக்கிறது. எவன் சிபாரிசும் இல்லை, எவன் காலிலும் விழவில்லை. மரக்காணத்து அளத்துக்காரர்கள் ஒரு முடிவு எடுக்கும் முன்னால் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். மருத்துவமனை நாட்களைப் பற்றி எழுது என்று என் மகள் மல்லிகா சொன்னபோது, நான் என்ன எழுத்தாளனா என்று கேட்டேன். எழுதுங்கப்பா, உங்களுக்குத் திட்டத் தெரியுமே, அது போதும் என்றாள். அவள் கிளியனூரில் வாக்கப்பட்டிருக்கிறாள். வாய் என்னுடையது.

முதலில் போனது பணம் கட்டுகிற ஆஸ்பத்திரி. என்னால் முடியும், போனேன். பெயர் வேண்டாம். காத்திருக்கிற இடத்தில் கண்ணாடித் தொட்டியில் கலர் மீன் நீந்துகிறது. உட்காரும் நாற்காலி என் வீட்டு நாற்காலியை விட ஒசத்தி. ரத்தம் எடுத்தார்கள். மறுபடியும் எடுத்தார்கள். கால் புண்ணுக்கு வந்தவனுக்கு நெஞ்சுப் படம், வயிற்றுப் படம், கண் பரிசோதனை எல்லாம் நடந்தது. மூணு மாசச் சர்க்கரை என்று ஒரு பரிசோதனை உண்டு. காலையில் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. போன மூன்று மாதத்தில் என்ன தின்றாய் என்று ரத்தமே காட்டிக்கொடுத்துவிடும். எனக்குக் காட்டிக்கொடுத்தது.

கடைசியாகப் பெரிய டாக்டர் வந்தார். காலில் கட்டு இருந்தது. அவர் கட்டைப் பிரிக்கவில்லை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எலும்புக்குள் அழுகல் இறங்கிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார். முடி வெட்டுகிறவன்கூட எவ்வளவு குறைக்க என்று கேட்பான். இவர் கேட்கவில்லை.

வெளியே மேசையில் இருந்த பையன் ஏழைகளுக்குச் சர்க்கார் கொடுக்கிற காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டான். என்னிடம் அட்டை இருந்தது. எப்படி என்று கேட்காதீர்கள், ஊரில் எல்லாரிடமும் இருக்கிறது.

"கால எடுக்கறதுன்னா கார்டுல வந்துடும் ஐயா," என்றான். "காலை வெச்சிக்கினு வைத்தியம் பாக்கறதுன்னா கார்டுல வராது. கையில இருந்துதான் கட்டணும். எத்தினி மாசம் ஆவும்னு சொல்ல முடியாது."

அதாவது என் காலை வெட்டுவதற்கு இந்த ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க சர்க்காரிடம் பணம் இருக்கிறது. காப்பாற்றுவதற்கு இல்லை. என் பணத்தை நான் கட்டுகிறேன், வெட்டாமல் பாருங்கள் என்றேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, வெட்டுவதுதான் நல்லது என்று டாக்டர் சொல்வதாகச் சொன்னான். மல்லிகா என் கைலியைச் சரிசெய்து, சக்கர நாற்காலியைத் திருப்பினாள். வாங்கப்பா போகலாம் என்றாள். அவள் ஏற்கெனவே சுகாதார நிலையத்து டாக்டரிடம் விசாரித்து வைத்திருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா காலை வெட்டாமல் பார்க்கிறார்களாம்.

சர்க்கார் ஆஸ்பத்திரிப் படியை நான் மிதித்ததே இல்லை. அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். அந்த ஆஸ்பத்திரியின் பெயரையும் சொல்லமாட்டேன். சொன்னால் அங்கே மாங்கு மாங்கென்று வேலை செய்கிறவர்களைத்தான் பிடித்து உலுக்குவார்கள். உலுக்க வேண்டியவர்கள் அங்கே வேலை செய்வதில்லை.

மீன் தொட்டி இல்லை. உட்கார இடமும் இல்லை. வரிசை வெயில் வரைக்கும் நீண்டிருந்தது. ஆனால் டாக்டரம்மா முதலில் செய்த வேலை, கட்டைப் பிரித்து, தன் மூக்கை மூடாமல் காலைப் பார்த்ததுதான். பிறகு என்னைக் கண்ணை மூடச் சொன்னார்கள். கையில் ஒரு நைலான் நூல் வைத்திருந்தார்கள், தூண்டில் நரம்பு மாதிரி. "காலைத் தொட்டா சொல்லுங்க ஐயா" என்றார்கள். நானும் காத்திருந்தேன், காத்திருந்தேன். எப்போது தொடுவீர்கள், எனக்கு வேலை இருக்கிறது என்று கேட்டேன். அஞ்சலை பக்கத்தில் விசும்புகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது டாக்டரம்மா என் பாதம் முழுக்கத் தொட்டு முடித்து, அடுத்த காலுக்குப் போயிருந்தார்கள்.

சர்க்கரை முற்றினால் காலின் நரம்பு செத்துப்போகும், அப்புறம் நெருப்பை மிதித்தாலும் தெரியாது என்று விளக்கினார்கள். நான் தேர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தது நோய். காய்த்த கால் வேறு, செத்த கால் வேறு. உப்பில் இறங்கினால் எரிகிறது என்று புலம்புகிறவனே, உன் கால் நன்றாக இருக்கிறது. எரியவில்லை என்று மார் தட்டுகிறவன் உடனே போய்ச் சர்க்கரையைப் பார். கசப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றாது, இருக்கிற சதையையும் அரிக்கும். இதை நான் சொன்னால்தான் எங்கள் ஆட்கள் கேட்பார்கள்.

இரண்டு விரல் போகும், காலைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்றார்கள் டாக்டரம்மா. உறுதி தரவில்லை. செத்த சதையை அவ்வப்போது வெட்டி எடுக்க வேண்டும். தினமும் கழுவிக் களிம்பு போட்டுக் கட்ட வேண்டும். ஊசி மருந்து நிற்காமல் ஏற வேண்டும். ஒரு நாள் தவறினாலும் அழுகல் மேலே ஏறும், ஏறினால் முழங்கால்தான் என்றார்கள். எனக்கு அப்போது வந்த பயத்தை எழுத வார்த்தை இல்லை. ஒற்றைக் காலோடு எவன் பாத்தியில் இறங்குவான்? எவன் எனக்குப் பயப்படுவான்?

விரல்கள் போயின. என்னை வார்டில் போட்டார்கள். கட்டில் கம்பி துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தது. தூக்கத்தில் காலை அதில் இடித்துக்கொண்டால் எனக்குத் தெரியாது. அதனால் அஞ்சலை கட்டிலுக்கு அடியில் பாய் விரித்து, என் வேட்டி முனையைத் தன் மணிக்கட்டில் முடிந்துகொண்டு படுத்தாள். நான் அசைந்தால் அவள் எழுந்துவிடுவாள். அவ்வளவு நாளும் அவள் ஒரே மூச்சாகத் தூங்கி நான் பார்க்கவில்லை. மல்லிகா தினமும் கிளியனூரிலிருந்து பஸ்ஸில் வந்தாள். மோட்டா அரிசிச் சோறு வேண்டாம் என்று கேழ்வரகுக் களி கிண்டிக் கொண்டுவருவாள். உப்புக் குறைந்தால் எனக்குப் பிடிக்காது என்று தெரிந்து, கருவாட்டுக் குழம்பில் உப்பைக் குறைத்து, குறைத்ததைச் சொல்லாமல் கொடுப்பாள். உப்புக்காரனிடமே.

இடையஞ்சாவடியிலிருந்து என் சகலை வந்தான். வெள்ளைக்காரர் வீட்டுத் தோட்டத்தில் வேலை. செம்மண்ணையும் ஏதோ இலையையும் குழைத்து டப்பாவில் கொண்டுவந்து, ஊசி எல்லாம் விஷம் அண்ணே, இதைப் பூசுங்கள் என்றான். அந்த டப்பாவை அவன் தலையில் கவிழ்க்காமல் விட்டதுக்கு என் கால்தான் காரணம். எழுந்திருக்க முடியவில்லை.

பக்கத்துக் கட்டில் சிங்காரம். அனுமந்தை மீனவன். வலையைக் கொட்டும்போது திருக்கையின் வால் முள் கணுக்காலில் குத்திச் சீழ் வைத்துவிட்டது. என் வயசில் பாதிதான் இருக்கும். எந்நேரமும் கிண்டல். நான் என் சரித்திரத்தைச் சொல்லும்போதெல்லாம் ம் கொட்டுவான். முடித்ததும், "அண்ணே, உப்பு உங்களுது, மீன் எங்களுது. ரெண்டு பேரும் சேந்து கருவாடா கெடக்கறோம் பாத்தீங்களா" என்பான். அவன் பெண்டாட்டி பூங்காவனம் விடியும் முன் மீன் விற்றுவிட்டு, அந்தக் கூடையோடு நேராக வார்டுக்கு வருவாள். அவனுக்கும் எனக்கும் ஒரே வைத்தியம். அதே கழுவல், அதே களிம்பு, அதே ஊசி.

பங்குனி பிறந்தது, மருந்து தீர்ந்தது.

கட்டுத் துணி இல்லை, களிம்பு இல்லை, ஊசி மருந்து இன்றைக்கு இருந்தால் நாளைக்கு இல்லை. வெளியே வாங்கி வா என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். எங்களுக்குக் கட்டுப் போடுகிற கிரேஸ் சிஸ்டரிடம் கத்தினேன். அவர் என்னை விடப் பெரிய வாய். என்கிட்ட கத்தாதீங்க, வருஷக் கணக்கு முடியற மாசம், ஒதுக்கின பணம் தீந்துபோச்சு, புதுசு எப்ப வரும் எவ்வளவு வரும்னு எனக்கே தெரியாது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, இருந்த கடைசிச் சுருளை இரண்டாக நறுக்கி எனக்கும் சிங்காரத்துக்கும் கட்டினார். பூங்காவனம் தன் பழைய புடவையைக் கிழித்து, வெந்நீரில் கொதிக்க வைத்து, ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள்.

எனக்கு இதெல்லாம் ஆகாது. லாரி டிரைவரைக் கூப்பிட்டேன். துணி, களிம்பு, ஊசி எல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. எனக்கு மட்டும் இல்லை, வார்டு முழுவதுக்கும். நான் செய்வதாக இருந்தால் அப்படித்தான் செய்வேன். கட்டுப் போடும் சாமான்களை வைத்துத் தள்ளுகிற வண்டி சக்கரம் உடைந்து கிடந்தது. புதிதாக ஒன்று வாங்கி, கோயில் டியூப்லைட்டில் எழுதுவது மாதிரி, உபயம் என்று என் பெயரைச் சிவப்பில் எழுதவைத்தேன். வார்டே என்னைப் பார்த்துக் கும்பிட்டது. கிரேஸ் சிஸ்டர் மட்டும் கும்பிடவில்லை.

"நல்லதுதான் ஐயா பண்றீங்க," என்றார். "ஆனா ஒண்ணு தெரிஞ்சிக்குங்க. மாசக் கடைசியில நான் ஸ்டாக் எழுதணும். அலமாரியில துணி இருந்தா இருக்குதுன்னுதான் எழுதணும். யார் வாங்கிக் குடுத்ததுன்னு எழுத அதுல எடம் இல்ல."

பொறாமையில் பேசுகிறார் என்று நினைத்தேன்.

இந்தச் சமயத்தில்தான் செங்கேணி வந்தான். உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் தலைவன். என் அளத்து வாசலில் கொடி பிடித்து என்னை ஒழிக என்றவன். நலம் விசாரிக்க வரவில்லை, கையெழுத்து வாங்க வந்தான். என்னைக் கட்டிலில் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனது. நானும் அவனை அப்படிப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன், அதனால் குற்றம் சொல்லவில்லை.

ஒவ்வொரு கட்டிலாக நின்று அவன் சொன்னது இதுதான். சர்க்கார் வருஷா வருஷம் செலவு செய்கிற பணத்தில், இத்தனை பங்குக்குக் குறையாமல் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஒதுக்கியே ஆக வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். எந்தக் கட்சி வந்தாலும், கஜானா எப்படி இருந்தாலும், அந்தப் பங்கில் கை வைக்கக் கூடாது. வைத்தால் கோர்ட்டில் நிறுத்திக் கேட்கலாம். இப்போது இருப்பது அவர்கள் மனசு. இருந்தால் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் பாலம் கட்டப் போய்விடும்.

என் கட்டிலுக்கு வந்தபோது நான் கையை நீட்டவில்லை.

"ஏம்பா செங்கேணி, சட்டம் வந்து கட்டுப் போடுமா?" என்று கேட்டேன். "இந்த வார்டுல எல்லார் கால்லயும் இருக்கற துணி என் துணி. எந்தச் சட்டம் வாங்கிக் குடுத்துது? மனசு வேணும்பா, மனசு."

அவன் தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"கூலிக்குக் கொறஞ்சபட்சம்னு சட்டம் வந்தப்பவும் இதையேதான சொன்னீங்க மொதலாளி. மனசு இருந்தா நானே குடுப்பேன், சட்டம் போட்டு என் கையப் புடிக்காதன்னு. உங்க மனசு தீபாவளிக்குத் தீபாவளிதான் தொறக்குது. நாங்க தெனமும் சாப்புடறோம்."

வார்டு சிரித்தது. என் துணியைக் காலில் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் சிங்காரம். கூலி வேறு, ஆஸ்பத்திரி வேறு என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. இப்போதும் அப்படித்தான் சொல்கிறேன். கூலி விஷயத்தில் அவன் கணக்கு தப்பு.

ஓட்டுக் கேட்டு வந்தவர்களும் ஒரு நாள் வந்தார்கள். ஆளுக்கு ஒரு ரொட்டி, ஒரு சாத்துக்குடி, ஒரு போட்டோ. சர்க்கரை நோயாளிகள் நிறைந்த வார்டில் ரொட்டி கொடுத்த புத்திசாலிகள் அவர்கள். ஜெயித்து வந்தால் ஆஸ்பத்திரியை வானத்துக்கு உயர்த்துவோம் என்றார்கள். மருந்து எப்போது வரும் என்று பூங்காவனம் கேட்டாள், அதுக்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள்.

என் புண் சிவக்க ஆரம்பித்தது. சிவந்தால் நல்லது, புதுச் சதை வருகிறது என்று அர்த்தம். வீட்டுக்குப் போகலாம், ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள் டாக்டரம்மா. சிங்காரத்துக்கும் ஆறிக்கொண்டிருந்தது, கொஞ்சம் பின்தங்கி. கிளம்பும்போது அவன் கையைப் பிடித்து, தைரியமா இருப்பா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் உப்பு குவிந்து கிடந்தது. விலை ஏறியிருந்தது. லாரி நிற்க நேரமில்லாமல் ஓடியது. என் கட்டுக்கு வேண்டியதை மல்லிகா பையில் வாங்கி வைத்துக்கொண்டாள். முதல் ஐந்தாறு தடவை அவசரத்தில் கட்டுப் போடும் அறைக்கு வெளியிலேயே கட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன், வார்டுக்குள் போகவில்லை. அப்புறம் ஒரு நாள் உள்ளே போனபோதுதான் பார்த்தேன். சிங்காரம் கட்டிலில் மல்லாக்கப் படுத்திருந்தான். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகிவிட்டிருந்தது.

என்ன ஆச்சு என்று கேட்டேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன்.

கிரேஸ் சிஸ்டர்தான் சொன்னார். நான் போன கொஞ்ச நாளில் என் பெட்டிகள் தீர்ந்துவிட்டன. பங்குனிக் கணக்கில் அலமாரியில் துணி இருந்தது, மருந்து இருந்தது, அதனால் இருக்கிறது என்று எழுதிப் போயிருந்தது. அவசரத் தேவை என்று இவர்கள் மருந்துக் கிடங்குக்கு ஆள் அனுப்பியபோது, உங்கள் வார்டில்தான் இருப்பு இருக்கிறதே, இல்லாத இடத்துக்கு முதலில் என்று பதில் வந்தது. பூங்காவனம் முடிந்தவரை புடவை கிழித்தாள். ஊசி மருந்தை எந்தப் புடவையில் கிழிப்பாள்? நாலு நாள் ஏறவில்லை. அழுகல் ஏறியது.

வராண்டாவில் அந்தத் தள்ளு வண்டி நின்றது. மேலே ஒன்றும் இல்லை. கீழே என் பெயர்.

நீ ஏன் நிறுத்தினாய் என்று என்னைக் கேட்பவர்கள் கேளுங்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன், எனக்கு வியாபாரம் இருந்தது, மறந்துவிட்டேன். தர்மம் செய்கிறவன் அப்படித்தான். அவன் டிஸ்சார்ஜ் ஆனால் அவன் தர்மமும் கூடவே டிஸ்சார்ஜ் ஆகும். எனக்குக் கொதிக்கிற கேள்வி வேறு. ஒரு மனுஷனுடைய கால் என் மனசை நம்பி ஏன் இருக்க வேண்டும்? நான் யார் அவனுக்கு? வரி வாங்கியது நானா? ஓட்டு வாங்கியது நானா?

இன்னொன்றும் கேட்கிறேன். புயல் வந்து பாத்தியெல்லாம் கரைந்துபோன வருஷம் உண்டு. ஒரு மூட்டை விளையவில்லை. அந்த வருஷமும் குத்தகைப் பணத்தை சர்க்காருக்குக் கட்டினேன். மனசு இருந்தால் கட்டு என்று எவனும் சொல்லவில்லை. இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று முத்திரை அடித்த பத்திரம் வைத்திருக்கிறார்கள். உப்புக்காரனிடம் வாங்குவதற்குக் குறைந்தபட்சம் உண்டு. அவன் கால் அழுகினால் கொடுப்பதற்கு மட்டும் குறைந்தபட்சம் கிடையாதா? கஜானாவில் இல்லை என்று சொல்கிற வாய்க்கு, என் கஜானாவில் இல்லாத வருஷம் என்ன பதில் சொன்னாய்?

அன்றைக்கே செங்கேணிக்குப் போன் செய்தேன். என் நம்பரைப் பார்த்து, அவன் ஆட்களில் யாரையோ போலீஸ் பிடித்துவிட்டது என்று பயந்துபோய் எடுத்தான். கையெழுத்துப் போடுகிறேன், வா என்றேன்.

"கையெழுத்து கட்டுக்கட்டா இருக்குது மொதலாளி," என்றான். "அதை வெச்சி ஒண்ணும் ஆவல. நாங்க எங்க போயி நின்னாலும், எல்லா ஆஸ்பத்திரியிலயும் மருந்து இருக்குது, எங்ககிட்ட ரிப்போட் இருக்குதுன்றாங்க. சட்டம் எதுக்குன்னு கேக்கறாங்க. இல்லன்றதுக்கு எங்ககிட்ட ஒரு தாளுகூட இல்ல."

போனை வைத்துவிட்டேன். அவனுக்கு நன்றி சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அடுத்த கட்டு நாள். புது வருஷக் கணக்கு பிறந்தும் ஒதுக்கீடு வந்து சேரவில்லை. கட்டுப் போடும் அறைக்கு வெளியே வரிசை. ஒவ்வொருவர் கையிலும் மருந்துக் கடைப் பை. கை வெறுமையாக இருந்தவர்கள் ஓரமாக நின்றார்கள். பூங்காவனமும் நின்றாள், சிங்காரத்தின் தையலுக்குத் துணி வேண்டி. என் முறை வந்தது. கிரேஸ் சிஸ்டர் பழைய கட்டைப் பிரித்துவிட்டு மல்லிகாவிடம் கையை நீட்டினார், பையைக் கேட்டு. மல்லிகா பையில் கை விட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"நான் ஒண்ணும் வாங்கினு வரல. இருந்தா கட்டும்மா. இல்லன்னா, இல்லன்னு சீட்டுல எழுதி, முத்திர வெச்சிக் குடு."

"எப்பா, புண்ணு தொறந்து கெடக்குது" என்றாள் மல்லிகா.

கிரேஸ் சிஸ்டர் என்னையே பார்த்தார். "எழுதினா என்னைக் கேப்பாங்க ஐயா. எனக்கு ரிட்டயர்மென்டுக்கு இன்னும் காலம் இருக்குது."

"உன்னைக் கேக்கட்டும். நீ என்னைக் கையக் காட்டு."

அவர் எழுதவில்லை. உள்ளே போனார். நான் எழுந்திருக்கவும் இல்லை. திறந்த காலை முக்காலியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஈ வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததை நான் கண்ணால்தான் பார்த்தேன். அஞ்சலை முந்தானையால் விசிறிக்கொண்டே நின்றாள். டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். இந்தக் காலுக்கு நான் எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா, விளையாடுகிறீர்களா என்று கேட்டார்கள். நியாயமான கோபம். நான் சீட்டை நீட்டினேன். அவர்கள் ஓரமாக நின்றவர்களைப் பார்த்தார்கள். பேனாவை எடுத்து இங்கிலீஷில் ஏதோ கிறுக்கினார்கள்.

"தமிழ்ல எழுதும்மா. நான் மூணாவது."

அடித்துவிட்டு எழுதினார்கள். கட்டுத் துணி இருப்பு இல்லை. களிம்பு இருப்பு இல்லை. ஊசி மருந்து இருப்பு இல்லை. தேதி, கையெழுத்து, முத்திரை. நான் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தேன், வரிசை முழுக்கக் கேட்கும்படி. படித்து முடிக்கும் முன்னால் பூங்காவனம் ஓரத்திலிருந்து வந்து தன் சீட்டை மேசையில் வைத்தாள். "எனக்கும் எழுதுங்கம்மா. கால் போனதயும் சேத்து." அதுக்குப் பிறகு, பை வைத்திருந்தவர்களும் பையைப் பின்னால் மறைத்துக்கொண்டு சீட்டை நீட்டினார்கள்.

என் காலுக்கு வீட்டில் அஞ்சலை கட்டுப் போட்டாள், மல்லிகா பையில் இருந்த துணியால். அதை மறைக்கமாட்டேன். என்னிடம் துணி இருந்தது. கால் இன்னும் இருக்கிறது, நாளைக்கு இருக்குமா என்று டாக்டரம்மா சொல்லமாட்டேன் என்கிறார்கள். சட்டம் வரவில்லை. சீட்டுகள் செங்கேணி வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவன் அவற்றைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறான், வக்கீலுக்கு நான் கட்டுகிறேன், நாங்கள் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தான். எழுதி எழுதி முத்திரை மை வற்றிவிட்டதாம், ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்றான். முடியாது, மை இல்லை என்றும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல் என்று சொல்லி அனுப்பினேன்.